நீர்த்துறையிலிருந்து ஒற்றைக் குளியலறைக்கு

தமிழில் நீராடலைக் குறிக்கும் சொற்கள் பல. குளித்தல், முழுகுதல், ஆடுதல், படிதல், தோய்தல் ஆகிய ஒவ்வொன்றும் விரிந்ததொரு நீர்நிலையைத் தன்னுள் கொண்டது. முத்துக்குளித்தல் என்னும் வழக்கு காட்டுவதுபோல், குளித்தல் என்பதற்கு நீருள் அமிழ்தல் என்ற பொருளும் உண்டு. ஆறும் குளமும் கடலும் இன்றி இச்சொற்கள் பிறந்திரா. ஆயின், நான்கு சுவர்களுக்குள்ளே கதவைத் தாழிட்டுக்கொண்டு, வாளி நீரை மொண்டு ஊற்றிக்கொள்ளும் செயலுக்கெனத் தனிச்சொல் எதுவும் அமையவில்லை. 'குளியலறை' அண்மைக்கால ஆக்கம். பேச்சில் இன்றும் 'பாத்ரூம்' என்பதே செல்வாக்குடையது. சொல் இளமையானதாக இருப்பதற்குக் காரணம், அச்சொல் குறிக்கும் இடமும் இளமையானதாக இருப்பதே.

இன்னொரு சொல்வழக்கும் இங்கு எண்ணத்தக்கது. ஒரு பெண் கருவுற்றிருப்பதை 'முழுகாமல் இருக்கிறாள்' என்று கூறுவது தமிழர் மரபு. மாதவிலக்கு நின்றதனால் அதற்குரிய தலைமுழுக்கும் நின்றது என்பது இதன் உட்பொருள். ஒரு பெண் எப்போது முழுகினாள், எப்போது முழுகவில்லை என்பதை வீட்டார் கவனித்து எண்ணிவந்த சமுதாயத்தில்தான் இத்தொடர் பிறந்திருக்க முடியும். பூப்பெய்திய சிறுமிக்கு ஊரறிய 'மஞ்சள் நீராட்டு' நிகழ்த்துவதும், உறவை அறுத்துக்கொள்வதைத் 'தலைமுழுகுதல்' என்பதும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கவை. நீராடல் தனியொருவரின் செயலாக இருந்ததைக் காட்டிலும், சுற்றத்தார் கண்டு பொருள்கொள்ளும் செயலாகவே நெடுங்காலம் இருந்துவந்துள்ளது. வீடுதோறும் ஒரே ஒரு குளியலறை என்ற நிலை உருவானபோது இந்தப் பொதுமையும் தனிமையும் ஒரு சிறு கதவின் இருபுறத்தும் நின்றன. சென்னை மாநகரை நிலைக்களனாகக் கொண்டு அவ்வரலாற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கியத்தில் நீர் உண்டு, அறை இல்லை

பழந்தமிழ் இலக்கியம் நீராடலைத் திறந்தவெளியிலேயே கண்டது. ஐங்குறுநூற்றில் புனலாட்டுப் பத்து என்றே ஒரு பகுதி உண்டு. பரிபாடலில் எஞ்சிக் கிடைத்துள்ள பாடல்களுள் வையைப் புனல்விழாவைப் பாடுவன பல. மார்கழி நீராடலைப் பக்தி இலக்கியம் போற்றியது. பெண்பாற் பிள்ளைத்தமிழ் நீராடற்பருவத்தைத் தனக்கேயுரிய பருவமாக வகுத்துக்கொண்டது. குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் இதற்குத் தக்க சான்று. இவை அனைத்திலும் நீராடல் கூட்டத்தோடு நிகழ்வது. ஊடலுக்கும் விளையாட்டுக்கும் வழிபாட்டுக்கும் களமாவது.

வீட்டருகே நீர் இல்லாமல் இல்லை. பட்டினப்பாலை உறைகிணற்றைக் குறிப்பிடுகிறது. அரிக்கமேட்டிலும், 2015 முதல் அகழப்பட்ட கீழடியிலும் சுடுமண் உறைகளை அடுக்கிக் கட்டிய கிணறுகள் வெளிப்பட்டுள்ளன. எனினும் கிணற்றடி என்பது வெளி, அறை அன்று. பிற்காலச் சிற்றூர் வீட்டிலும் கொல்லைப்புறக் கிணற்றடியும், அதையொட்டிய துவைகல்லும், ஓலைத் தட்டி கட்டிய மறைப்புமே குளிக்குமிடமாக விளங்கின. ஆண்கள் ஆற்றுக்கோ குளத்துக்கோ சென்றனர். பெண்கள் இருள் பிரியுமுன் பாவாடையை நெஞ்சளவு உயர்த்திக் கட்டிக்கொண்டு குளித்து முடித்தனர். இருட்டே அவர்களுக்குக் கதவாக இருந்தது.

நீர்த்துறை எல்லார்க்கும் பொதுவாக இருந்ததில்லை என்பதையும் மறத்தலாகாது. ஒரே குளத்தில் சாதிக்கொரு துறை இருந்தது; சிலருக்குத் துறையே மறுக்கப்பட்டது. 'கூழானாலும் குளித்துக் குடி' என்ற பழமொழி ஏழைக்கும் நீராடலை விதித்தது. அவன் எங்கே குளிப்பது என்ற வினாவை அது எழுப்பவில்லை.

குழாய் வந்த வரலாறு

சென்னையில் அமைப்புமுறையான நீர் வழங்கலின் தொடக்கமாக 1772இல் அமைந்த ஏழு கிணறு திட்டம் கொள்ளப்படுகிறது. அது முதன்மையாகக் கோட்டையின் தேவைக்காக அமைந்தது. நகர மக்கள் வீட்டுக் கிணற்றையும் கோயிற் குளத்தையும் நம்பி வாழ்ந்தனர். செங்குன்றம் ஏரியிலிருந்து கால்வாய் வழியே கீழ்ப்பாக்கத்துக்கு நீர் கொணரும் திட்டம் 1872இல் நடைமுறைக்கு வந்தது. 1914இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளோடு கூடிய நீரேற்று நிலையம் திறக்கப்பட்டது. நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்களும் அக்காலத்தை ஒட்டியே பதிக்கப்படலாயின.

குழாய் வீட்டுக்குள் வந்ததன் விளைவு பெரிது. கிணறு கொல்லையை விட்டு நகராது. குழாயை எங்கும் வளைத்துக் கொண்டுவரலாம். நீர் சுவரைத் தேடி வந்ததும் கிணற்றடியின் தட்டி செங்கற்சுவராயிற்று. சுவருக்குக் கூரையும் கதவும் வந்தன. மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பகுதிகளின் பழைய வீடுகளில் முன்னே திண்ணை, நடுவே முற்றம், பின்னே கிணறு என்ற நெடிய அமைப்பின் இறுதியில் இவ்வறை இடம்பெற்றது. செம்புப் பாய்லரோ, தவலை ஏற்றிய வெந்நீர் அடுப்போ அதற்கு அருகே புகைந்துகொண்டிருக்கும்.

கழிப்பிடம் இதனின்றும் வேறாக, இன்னும் பின்னே, சந்தை ஒட்டி இருந்தது. 'கக்கூசு' என்ற சொல் டச்சு மொழியிலிருந்து வந்தது. சொல் கடல் கடந்து வந்தாலும், அதனைத் துப்புரவு செய்யும் கொடுமை இம்மண்ணின் சாதியமைப்பிலிருந்தே வந்தது. எடுப்புக் கழிப்பிடத்தைத் துப்புரவு செய்தோர் முன்வாயில் வழியே நுழைந்ததில்லை. அவர்களுக்கென்றே வீடுகளின் பின்னால் சந்துகள் இருந்தன. ஒரு குடும்பத்தின் தூய்மை மற்றொரு குடும்பத்தின் இழிவின்மேல் கட்டப்பட்டிருந்தது. கையால் மலமள்ளுவதை 1993ஆம் ஆண்டுச் சட்டமும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தடைசெய்தன. அதன் பின்னரும் கழிவுநீர்த் தொட்டிகளுள் இறங்கி மாய்ந்தோர் உண்டு. குளியலறையின் வரலாற்றை எழுதுவோர் அந்தச் சந்தையும் கடந்தே வரவேண்டும்.

ஒண்டுக்குடித்தனமும் வாளி வரிசையும்

சென்னையின் மக்கள்தொகை 1941இல் ஏறத்தாழ 7.8 லட்சம், 1951இல் ஏறத்தாழ 14.2 லட்சம். நகர எல்லை விரிந்ததும் இவ்வேறுபாட்டுக்கு ஒரு காரணம். ஆயினும் பிழைப்பு நாடி வந்தோர் தொகை மிகுதி. ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டில் ஐந்தும் எட்டுமாகக் குடும்பங்கள் நிறைந்தன. 'ஸ்டோர்' என்றும் 'ஒண்டுக்குடித்தனம்' என்றும் வழங்கிய வாழ்க்கைமுறை இவ்வாறு வேரூன்றியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தொடங்கிய வாடகைக் கட்டுப்பாடு 1960ஆம் ஆண்டுச் சட்டமாக நிலைபெற்றது. அது குடியிருப்போருக்குக் காப்பாக அமைந்தது. அதே வேளையில், வாடகை உயராத வீட்டில் இன்னொரு குளியலறை கட்ட உரிமையாளர்க்கு மனம் வரவில்லை. குடித்தனங்கள் பெருகின, குளியலறை ஒன்றாகவே நின்றது.

அக்கதவின் முன்னே ஓர் எழுதப்படாத சட்டம் உருவாயிற்று. ஆள் நிற்க வேண்டியதில்லை; வாளி நின்றால் போதும். வரிசையில் வைத்த வாளி அதன் உடையவரின் உரிமைச்சீட்டு. அதை நகர்த்துவது வழக்குக்கு இடமாகும். தாழ்ப்பாள் பழுதான கதவுக்கு உள்ளிருப்போரின் பாட்டே தாழ்ப்பாள். வெளியே நிற்போரின் கனைப்பே மணியோசை. ஆளுக்குக் கால்மணி நேரம் என்று கொண்டாலும் எட்டுப் பேர் கொண்ட ஒரே குடும்பத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகும். அலுவலகம் எட்டரைக்கு இரயிலேறச் சொல்லும். பள்ளி ஒன்பதரைக்கு மணியடிக்கும். எனவே குளியலறை முறை என்பது வீட்டின் கால அட்டவணையாகவும், மதிப்பு வரிசையாகவும் ஆயிற்று. பொருளீட்டுவோர்க்கு முதலிடம்; தேர்வெழுதும் ஆண்பிள்ளைக்கு அடுத்த இடம்; பூசை செய்யும் முதியவர்க்கு விலக்கு. பெண்மக்களின் முறை பெரும்பாலும் இடைவெளிகளில் அமைந்தது.

எண்ணெய்க் குளியலுக்கும் நாள் வகுப்பு உண்டு. ஆடவர்க்குப் புதனும் சனியும், மகளிர்க்குச் செவ்வாயும் வெள்ளியும் என்ற பழைய முறை உடல்நலம் கருதியது என்பர். ஒற்றைக் குளியலறை வீட்டில் அது நெரிசலைப் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடாகவும் உதவியது. ஆண்டுக்கு ஒருநாள் இவ்வேற்பாடு முற்றிலும் குலையும். தீபாவளியன்று பொழுது புலருமுன் அனைவரும் தலைமுழுகியாக வேண்டும். மூத்த பெண்மணி ஒருவர் ஒவ்வொருவர் தலையிலும் எண்ணெய் வைப்பார். எண்ணெய் வைத்த தலைகள் வரிசையாகக் கூடத்தில் அமர்ந்து தம் முறைக்குக் காத்திருக்கும். 'கங்கா ஸ்நானம் ஆயிற்றா?' என்று அன்று ஒருவரையொருவர் வினவுவது வாழ்த்தாகவே வழங்குகிறது. ஒண்டுக்குடித்தனத்தில் அது நேர்ப்பொருளிலேயே கேட்கப்பட்ட வினா.

பெண்ணின் கால்மணி நேரம்

அடுப்பு மூட்டுமுன் குளித்திருக்க வேண்டும் என்பது பல குடும்பங்களில் பெண்ணுக்கு விதிக்கப்பட்ட நெறி. ஆகவே வரிசை தொடங்குமுன்பே அவள் எழுந்து குளித்து முடித்தாள். அனைவர்க்கும் முன்னே குளித்தவள் என்பதனால் அவளுக்கு முதன்மை இருந்ததாகக் கருதுதல் பொருந்தாது. அவள் முதலிடம் பெற்றது உறக்கத்தை விலையாகக் கொடுத்தே ஆகும். எல்லாரும் குளித்து வெளியேறியபின் அவ்வறையைத் தேய்த்துக் கழுவுவதும், ஈரத்துணிகளை அலசிக் கொடியில் உலர்த்துவதும் மீண்டும் அவள் கடமை. முதலில் நுழைந்தவளும் இறுதியில் வெளியேறியவளும் அவளே.

புதிதாக மணமான பெண்ணின் நிலை இன்னும் நுட்பமானது. கணவனோடு கூடிய இரவின் மறுநாட் காலையில் தலைமுழுகாமல் அவள் சமையலறைக்குள் நுழையலாகாது என்ற வழக்கம் பல வீடுகளில் இருந்தது. முற்றத்தைக் கடந்து குளியலறைக்குச் சென்று மீளும்போது அவளது ஈரக்கூந்தலே வீட்டார்க்கும் அண்டைக் குடித்தனத்தார்க்கும் செய்தியாயிற்று. மாதவிலக்கு நாட்களில் மூன்று நாள் ஒதுங்கி, நான்காம் நாள் தலைமுழுகி உள்ளே வருவதும் அவ்வாறே. அந்த முழுக்கு ஒரு மாதம் நிகழாவிடில், அவள் வாய்திறக்குமுன்பே மற்றவர் அறிந்தனர். 'முழுகாமல் இருக்கிறாள்' என்னும் தொடரின் உலகம் நகரத்து ஸ்டோரிலும் தொடர்ந்தது. ஒரு பெண்ணின் உடல்நிலையைப் பொதுச்செய்தியாக்கிய இடம் குளியலறையின் வெளிவாயில்.

அதே அறையின் உட்புறம் அவளுக்கு வேறொன்றை அளித்தது. திண்ணை ஆடவர்க்குரியது, கூடம் எல்லார்க்கும் உரியது, சமையலறையில் மாமியார் இருப்பார், படுக்கைக்குத் தனியிடம் பல குடும்பங்களுக்கு வாய்த்ததில்லை. ஒரு பெண் உள்ளிருந்து தாழிட்டுக்கொண்டால் எவரும் ஏன் என்று கேட்க இயலாத ஒரே கதவு குளியலறைக் கதவு. பிறந்தகத்திலிருந்து வந்த கடிதத்தை இரண்டாம் முறை படிக்கவும், கடுஞ்சொல் கேட்ட கண்ணீரை நீரோடு நீராக்கவும், ஒன்றும் செய்யாமல் சிறிது நேரம் நிற்கவும் அவ்விடமே உதவியது. வெளியே வாளிகள் காத்திருந்தமையால் அந்தத் தனிமையும் கால்மணி நேரத்துக்கு மேல் நீண்டதில்லை. கதவு தட்டப்பட்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவாள். கண் சிவந்திருப்பதற்குச் சீயக்காயைக் காரணமாகக் கூறலாம்.

அடுக்ககமும் மாறிய வழக்கங்களும்

1961இல் அமைந்த வீட்டுவசதி வாரியமும், 1970இல் அமைந்த குடிசை மாற்று வாரியமும் புதிய வீட்டமைப்பைப் பரவலாக்கின. தனியார் கட்டிய அடுக்ககங்களும் பெருகின. ஒண்டுக்குடித்தனத்தில் பல குடும்பங்களுக்கு ஒரு குளியலறை இருந்தது; இப்போது ஒரு குடும்பத்துக்கு ஒன்று கிடைத்தது. இடச்சுருக்கம் காரணமாகக் குளியலறையும் கழிப்பிடமும் ஒரே கதவுக்குள் அடங்கலாயின. கொல்லையின் இருவேறு மூலைகளில் இருந்தவை கூடத்தை அடுத்து, பல வீடுகளில் சமையலறைச் சுவரோடு ஒட்டியே வந்து நின்றன. தூய்மை, தீட்டு என்று தலைமுறைகளாக வகுத்த எல்லையைக் கட்டட வரைபடம் சதுர அடிக் கணக்கில் அழித்தது. முதியோர் பலருக்கு இது எளிதில் செரிக்கவில்லை.

இழவு வீட்டுக்குச் சென்று வந்தவர் கொல்லை வழியே வந்து குளித்தபின் உள்ளே நுழைவது முன்னைய முறை. கொல்லையற்ற மூன்றாம் மாடி வீட்டில் அவர் கூடத்தையும் பூசை மாடத்தையும் கடந்துதான் குளியலறையை அடைய வேண்டும். மாதவிலக்கான பெண்ணை ஒதுக்கி வைக்கத் தனியிடமும் இல்லை. தனிக் குளியலறையும் இல்லை. சீர்திருத்த இயக்கங்களின் பரப்புரையும், பெண்கள் பெற்ற கல்வியும், அலுவலக வேலையும் இவ்வழக்கத்தைத் தளர்த்தின என்பது உண்மை. அவற்றோடு, ஒற்றைக் குளியலறைக்கும் இத்தளர்ச்சியில் பங்குண்டு. கருத்தால் இசையாதவரும் இடமின்மையால் இசைந்தனர்.

இவ்வறைக்கு நீர் எப்போதும் வந்துகொண்டிருந்ததாகவும் கூறவியலாது. 1978இல் குடிநீர்க்கெனத் தனி வாரியம் அமைந்தது. 1996இல் கிருஷ்ணா நீரும், 2004இல் வீராணம் நீரும் சென்னைக்கு வந்தன. ஆயினும் ஏரிகள் வறண்ட ஆண்டுகளில் அடிபம்பும் தண்ணீர் லாரியும் பிளாஸ்டிக் குடங்களுமே வாழ்வாயின. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயில் மூலம் நீர் கொணர நேர்ந்தது. அத்தகைய ஆண்டுகளில் வரிசை குளியலறை வாயிலிலிருந்து தெருமுனைக்கு நகர்ந்தது. குடத்தோடு அங்கே நின்றோரும் பெரும்பாலும் பெண்களே. தாம் சுமந்து வந்த நீரில் தமக்கென அரை வாளியை ஒதுக்கிக்கொண்டோரும் அவர்களே.

எழுதப்பட வேண்டிய அறை

புனலாட்டைப் பாடிய தமிழ், குளியலறையை அதிகம் பாடவில்லை. 1973இல் நூலாக வந்த அசோகமித்திரனின் 'தண்ணீர்' சென்னையின் நீர்த்தட்டுப்பாட்டை ஒரு தெருவின் வாழ்வாகவும், தனித்து நிற்கும் பெண்ணின் மனமாகவும் எழுதியது. 1988இல் வெளிவந்த அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' பெண்ணின் உலகம் ஓர் இருண்ட அறைக்குள் சுருங்கியதை எண்ணவைத்தது. சமையலறைக்கு அப்பால், வீட்டின் மற்றொரு மூலையில் இருந்த அறைக்கு இத்தகைய கவனம் அரிதாகவே கிட்டியது. அருவருப்பு, நாணம், அற்பம் என்ற மூன்றும் பேனாவைத் தடுத்திருக்கலாம். தனிமனித உணர்வுகளை அகமெனப் போற்றிய மரபில், அகத்தின் மிகச் சிறிய அறை விடுபட்டுவிட்டது.

இன்று இரு படுக்கையறை வீடுகளில் இரு குளியலறைகள் இயல்பாகிவிட்டன. வாளி வரிசை பலர் நினைவில் நகைச்சுவையாக மாறிவருகிறது. அக்கால ஒற்றுமையை எண்ணி ஏங்குவோரும் உளர். விட்டுக்கொடுத்தலும் காத்திருத்தலும் அவ்வீடுகள் கற்பித்த நற்பண்புகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் விட்டுக்கொடுத்தவர் யார், காத்திருந்தவர் யார் என்று வினவாமல் அவ்வொற்றுமையைப் புகழ்தல் அரைகுறை வரலாறாகும்.

அவ்வரலாறு முடிந்துவிடவுமில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 100 குடும்பங்களுள் 42க்கே வீட்டு எல்லைக்குள் கூரையுடைய குளியலறை இருந்தது. 16 குடும்பங்கள் கூரையற்ற அடைப்பில் குளித்தன. ஏறத்தாழ 42 குடும்பங்களுக்கு அதுவும் இல்லை. அந்த 42 குடும்பங்களின் பெண்களுக்கு இருட்டே கதவு என்ற நிலை அப்போதும் மாறவில்லை. ஒற்றைக் குளியலறை சிலர்க்குக் கடந்துவந்த குறை; பலர்க்கு எட்டாத நிறைவு.

ஸ்டோர் வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்ககங்களாகின்றன. 1960ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் 2019இல் புதிய சட்டத்துக்கு இடங்கொடுத்து விலகியது. அவ்வீடுகளில் விடியுமுன் எழுந்து குளித்த பெண்களுள் பலர் எண்பது வயதைக் கடந்துவிட்டனர். அவர்தம் கால்மணி நேரங்களுக்கு ஆவணக் காப்பகத்தில் ஏடுகள் இல்லை. நகராட்சிக் குறிப்புகள் குழாயின் நீளத்தையும் நீரின் அளவையும் மட்டுமே கூறும். கதவுக்கு உள்ளே நிகழ்ந்ததைக் கூற வல்லவர் அவர்களே. கேட்டு எழுத வேண்டியவர் கவிஞரும் கதைஞரும் ஆவர். வையையின் புதுப்புனலுக்குக் கிடைத்த சொல்வளத்தில் ஒரு சிறுபகுதி அந்த வாளி நீருக்கும் உரியது. அதைக் கேட்டுப் பெறும் காலம் மிகக் குறுகியதாகவே உள்ளது.